கரைமேல் போன அண்ணன்

சென்னை விமான நிலையத்தில் என்னை அழைக்க வந்து நின்றவர்கள்: அண்ணன் மகன் ஏழுமலை. அண்ணன் மகள் செல்வி, கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்தவள். அண்ணனின் தம்பி மனைவி பவுனம்மா. வேன்காரர். வேனுக்குள் கால் கட்டிய சேவல் ஒன்று. அண்ணன் வரவில்லை. அவருக்கு மூச்சு வாங்கும்.

அண்ணன் என்றால் கன்னியப்பன், என் பெரியப்பா மகன். என் தாத்தா குடும்பத்தோடு மலாயாவுக்குக் கப்பலேறியபோது மூத்த பிள்ளையான பெரியப்பா பண்ணையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். பண்ணைக்காரர் அவரை விடவில்லை. இளைய பிள்ளையான என் அப்பா வந்தார். அப்படித்தான் நாங்கள் இரண்டு நாடானோம்.

நான் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பாலுக்கு மரம் வெட்டினேன். பிறகு எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கினேன். படிப்பு தோட்டப் பள்ளியில் ஆறாவது வரை. வருஷக் கணக்காக அண்ணனும் நானும் போனில் முகம் பார்த்துப் பேசினோம். இந்தத் தடவை அவர், “ஒரு தபா நேர்ல வந்துட்டுப் போ தங்கச்சி” என்றார். போனேன்.

வேனில் ஏறியதும் பவுனம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னா நாத்தனாரே, மலேசியாவுல சோறு போடலியா? குச்சி மாதிரி கீறீங்க.”

“போடுறாங்க லா” என்றேன்.

“லாவா? இன்னாது அது, லா?” அன்று முழுக்க எல்லாவற்றுக்கும் லா போட்டுச் சிரித்தாள்.

வாலாஜாபாத் தாண்டி டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்று இல்லை. வேன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார். கதவு திறந்த நேரத்தில் சேவல் கட்டை அவிழ்த்துக்கொண்டு வயலில் இறங்கி ஓடியது. பவுனம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடிப் பிடித்தாள். அவ்வழியே டிராக்டரில் வந்த ஒருவர் நிறுத்தி, டயரைக் கழற்றி எடுத்துப் போய் ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. “ஊருக்கு வந்த ஜனம்” என்று என்னைக் காட்டிச் சொன்னார். நம் மலேசிய நெடுஞ்சாலையில் போன் போட்டால் வண்டி வரும். ஆனால் ஜனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஊர் உத்திரமேரூருக்குப் பக்கம். பேர் எழுதவில்லை. அங்கே இருக்கிறவர்கள் அங்கேயே இருந்து பிழைக்க வேண்டும்.

அண்ணன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள். என் அப்பாவின் காது அவருக்கு. “கப்பல்ல போன குடும்பம் பிளேன்ல வந்துகீது பாரு” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு இருமினார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது நன்றாக இருந்தது.

அவர்களுடையது அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. மழை பெய்தால் மூன்று இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும். சேவல் குழம்பும் கேழ்வரகுக் களியும் செய்தார்கள். எனக்கு முட்டி மடங்காது என்று ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டார்கள். சேவலின் ஈரல் முழுவதும் என் தட்டில் இருந்தது. மற்றவர்களுக்கு எலும்பு. எடுத்துத் திருப்பிப் போடப் போனேன். “துன்னுங்க அத்தே” என்று செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் எழுந்து தனியாக நடந்தேன். தோட்டத்தில் இருட்டோடு பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போய் ஆஜர் சொல்லி நின்ற உடம்பு, படுக்காது. ஊருக்கு மேற்கே பெரிய ஏரி. கரை அகலமாக, லாரி போகிற மாதிரி இருக்கிறது. கரை தொடங்குகிற இடத்தில் அம்மன் கோயில். பக்கத்தில் ஓட்டு வீடு. அங்கே வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் என் செருப்பையும் கைப்பையையும் பார்த்துவிட்டு, “வாங்கம்மா, குந்துங்க. டவுன்ல இருந்தா?” என்றார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். டம்ளரில் டீ கொடுத்தார். மலேசியா என்றதும் அவருக்குச் சந்தோஷம். கோயில் தர்மகர்த்தா தான்தான் என்றார். அங்கே கோயில் இருக்கிறதா, தேர் இருக்கிறதா என்று கேட்டார். சொன்னேன். டீ நன்றாக இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டது.

“இங்க யார் வூட்டுக்கு வந்துகீறீங்க?”

“கன்னியப்பன் தங்கச்சி நான்.”

அவர் முகம் அப்படியே இருந்தது. எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். நான் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் வைத்தேன். கரையில் ஒரு நடை போய்த் திரும்பி வரும்போது அந்த நாற்காலி வெயிலில் தலைகீழாகக் கிடந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். பவுனம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இன்னிக்காவது அந்த நாற்காலி குளிச்சுதே!”

அண்ணன் சிரிக்கவில்லை. “கரை மேலயா போன?” என்று கேட்டார்.

“ஆமாம்.”

“நடக்கலாம். உசிரோட நடக்கலாம். அதுக்கே எங்கப்பா காலத்துல அடி வாங்கிகீறாங்க. செத்தா வுட மாட்டாங்க.”

பிறகுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் ஜனத்தைப் புதைக்கிற சுடுகாடு ஏரிக்கரையின் அந்தக் கோடியில். கரைமேல் போனால் நல்ல வழி. ஆனால் கோயில் முன்னால் எங்கள் பிணம் போகக் கூடாது. அதனால் கரைக்குக் கீழே ஓடையில் இறங்கிப் போக வேண்டும். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிய ஆரம்பித்தால் அத்தனை தண்ணீரும் அந்த ஓடையில்தான் ஓடும். இடுப்பு வரைக்கும்.

அண்ணன் சொன்னார்: “உன் அண்ணி செத்தது ஐப்பசி மயைல. தூக்கிக்கினு எறங்கனோம். நடுவுல எனக்குக் கால் வயிக்கிச்சு. பாடை சாஞ்சிப்போச்சு. அவ தண்ணில பூட்டா, தங்கச்சி. மாலையோட. நான் நீஞ்சிப் போய் முடியப் புடிச்சி இஸ்துக்கினு வந்தேன். பொண்டாட்டி முடியப் புடிச்சி.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். ஏழுமலையைப் பார்த்தார். “டேய். என்னிய தண்ணில எடுத்துக்கினு போவாதீங்கடா.”

ஏழுமலை, “இன்னா நைனா, காத்தாலயே பேஜார் பண்ற” என்று எழுந்து வெளியே போனான்.

மூன்றாம் நாள் செல்வியும் நானும் அண்ணனுக்கு மாத்திரை வாங்க உத்திரமேரூர் போனோம். டவுன் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. கண்டக்டர், “டிக்கெட் எடுத்தவங்க எல்லாம் எறங்கித் தள்ளுங்க. எடுக்காதவங்க ரெண்டு கையால தள்ளுங்க” என்றார். எல்லாரும் இறங்கித் தள்ளினோம். பஸ் கிளம்பியது. நிற்காமல் கொஞ்ச தூரம் போய்விட்டது. துரத்திப் பிடித்தோம். என் வயதுக்கு ஓடினேன் என்று செல்விக்கு ஆச்சரியம்.

மாத்திரை வாங்கிவிட்டு, பழைய கோயில் சுவரில் எழுத்து வெட்டியிருக்கிறதே, அதையும் பார்த்தோம். ஒரு வாத்தியார் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ராஜா காலத்திலேயே இங்கே ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஆள் எடுத்தார்களாம். நல்ல காரியம் என்றேன்.

செல்வி, “நெலம் கீறவன் பேருதான் அத்தே கொடத்துல போடுவாங்களாம்” என்றாள். “வாங்க, பஜ்ஜி சூடா கீது.”

மிளகாய் பஜ்ஜி. நம் ஊர் வாழைப்பழ பஜ்ஜி, பீசாங் கோரெங்கைவிட எண்ணெய் குறைவு. காரம் காதில் வந்தது.

சாயங்காலம் அண்ணன் தெளிவாக இருந்தார். “ஏம்மா, உங்க தோட்டத்துல வெள்ளக்காரங்கிட்ட நம்மாளுங்க சண்ட போட்டாங்களாமே. சித்தப்பா சொல்லிக்கினு இருப்பாராம். இன்னாத்துக்கு?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அது நான் பிறக்கும் முன்னால். என் அம்மா சொன்னது. கூலியைக் குறைத்தார்கள், யாரும் எழவில்லை. அரிசியைக் குறைத்தார்கள், மரவள்ளி தின்றார்கள், எழவில்லை. தொரை கார் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும், நின்றார்கள். ஒரு நாள் விடியலில் மரம் விழுந்து ஒரு ஆள் செத்துவிட்டார். இன்று பால் வெட்டு முடிந்து, பாலை எடை போட்டு, அதற்கப்புறம்தான் பிணத்தை எடுக்க வேண்டும் என்று தொரை சொல்லிவிட்டான். போனார்கள், வெட்டினார்கள். மத்தியானம் பால் வாளியோடு வந்தவர்கள் குடியிருக்கிற லயத்தைப் பார்த்தார்கள். பிணத்தின் முகத்தில் எறும்பு. அந்தப் பெண்சாதி விசிறிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். யார் முதலில் என்று தெரியாது. ஆபீஸ் வாசலில் பாலைக் கொட்டினார்கள். அத்தனை வாளியும். பிறகு பட்டாளம் வந்தது. ரெண்டு பேரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பால் கொட்டினவர்கள் மறுபடி தலை குனியவில்லை.

“‘கூலிக்கா கொட்டினீங்க’ என்று அம்மாவைக் கேட்டேன்” என்றேன். “‘கூலிக்கு இல்லடி. கூலி இல்லாம இருந்து பழக்கம்’ என்றாள்.”

அண்ணன் தலையை ஆட்டினார். “வவுறு பொறுத்துக்கும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ராஜ்ஜியங்கள் ஏன் கவிழ்ந்தன என்று படித்தவர்கள் தடி தடியாக எழுதியிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது இது. ஜனம் ரொம்பப் பொறுக்கும். பொறுக்கிறதைப் பார்த்து மேலே இருக்கிறவன் இன்னும் ஒன்று வைப்பான். எது கடைசி என்று அவனுக்கும் தெரியாது, இவர்களுக்கும் தெரியாது.

நான்காம் நாள் விடாமல் மழை. மத்தியானம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. தெருவே ஓடைக்கு ஓடியது. கொசு வலை, பழைய சேலை, பிளாஸ்டிக் கூடை எதுவென்றாலும் அதில் மீன். பவுனம்மா கெளுத்தி பிடித்தாள். முள் குத்தி விரல் வீங்கியது. வீங்கிய விரலோடு குழம்பு வைத்தாள். அண்ணன் இரண்டு வாய் சாப்பிட்டார். “கெளுத்தின்னா கலங்கல் கெளுத்திதான்” என்றார். எனக்கு ஒரு தலை எடுத்து வைத்தார்.

விடிந்தபோது அண்ணன் இல்லை.

நான் அழவில்லை. அழுகிறவர்கள் நிறைய இருந்தார்கள். அவர் கால்களை நேராக வைத்துக் கட்டினேன்.

ஓடையில் தண்ணீர் நெஞ்சளவு ஓடியது. ஏழுமலை யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. “கரை மேலதான்” என்றான். தெரு ஆண்கள் சரி என்றார்கள். பாடை கட்டி, பறை அடித்து, தூக்கிக்கொண்டு கரை தொடங்குகிற முச்சந்திக்குப் போனார்கள். பெண்கள் அழுதுகொண்டே பின்னால். அங்கே ஊர்க்காரர்கள் குறுக்கே நின்றார்கள். பாடையை ரோட்டில் இறக்கி வைத்து எங்கள் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் நின்றது. போலீஸ் வந்தது. தாசில்தார் ஆபீசில் பேசிக்கொள்ளலாம் என்று ஏழுமலையையும் முக்கியமான ஆட்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மீதி ஆண்களைத் தெருவுக்குள் அனுப்பித் தெரு முனையில் தடுப்பு வைத்தார்கள். பெண்களை விட்டுவிட்டார்கள். பிணத்தைச் சுற்றி அழ ஆள் வேண்டும் அல்லவா.

பெண்கள் முச்சந்தி வரைக்கும்தான் வருவார்கள். அதற்கு மேல் சுடுகாட்டுக்குப் பெண் போவதில்லை. அந்த ஊரில் அது எல்லாருக்கும் தெரியும். போலீசுக்கும் தெரியும். அதனால் எங்களை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

மத்தியானம் தாண்டியது. தூறல். அண்ணன் மேல் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நின்றோம். தர்மகர்த்தா குடை பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ஏம்மா, நீங்க நாலு நாடு பாத்தவங்க. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. காலங்காலமா இருக்கிற வழக்கம்.”

“அண்ணன் நனைகிறார்” என்றேன்.

அவர் குடையை என் பக்கம் நீட்டவில்லை. போய்விட்டார்.

செல்வியின் போன் அடித்தது. ஏழுமலை. இன்றைக்குப் பழைய வழியிலேயே எடுத்துப் போங்கள், கரை விஷயத்தைப் பிறகு கூட்டம் போட்டுப் பார்க்கலாம் என்கிறார்களாம். அவன் ஒத்துக்கொள்ளவில்லையாம். இன்னும் பேசுகிறார்களாம். செல்வி எங்களுக்குச் சொன்னாள். ஓடைச் சத்தம் கேட்டது.

பவுனம்மா மூக்கைச் சிந்திச் சேலையில் துடைத்தாள். “பேசறவங்க பேசிக்கினு கெடக்கட்டும். மாமா நாறிப்பூடுவாரு. ஏய், புடிங்கடி.”

“இன்னாத்த?”

“பாடையதாண்டி. சினிமாவா காட்டறாங்க?”

“பொம்பளைங்க எப்புடிமே?”

“நாத்து முடி தூக்கற. நெல்லு மூட்ட தூக்கற. குடிச்சிட்டு வுயுந்து கெடக்கற உன் புருசன வாரத்துக்கு ரெண்டு தபா தூக்கற. செத்த மனுசன் இன்னா கனமா கனக்கப் போறாரு?”

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பிலேயே குனிந்தார்கள். நான் வலது பக்கம் முன்னால் போனேன். தோட்டத்தில் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளி மாட்டிச் சுமந்த தோள் அது. பவுனம்மா, “நாத்தனாரே, நீங்க விருந்தாளி” என்றாள். “தங்கச்சி” என்றேன். இடம் விட்டாள். அந்த இடத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்.

கொள்ளிச் சட்டியைச் செல்வி எடுத்துக்கொண்டாள். பிள்ளை எடுக்க வேண்டியது. பிள்ளை தாசில்தார் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

குறுக்கே நின்ற ஊர் ஆண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆண்களைத் தடுக்க வந்தவர்கள். பெண்கள் மேல் கை பட்டால் கேஸ் வேறு. பிணத்தின் மேல் கை படவும் அவர்களால் முடியாது. அவர்கள் வழக்கமே அவர்களை ஒதுங்க வைத்தது. கெட்ட வார்த்தை வந்தது. நிறைய வந்தது. கோயில் கதவைச் சாத்தினார்கள். ஒரு பெண் போலீஸ், சின்ன வயசு, லத்தியைக் குறுக்கே பிடித்தபடி எங்களோடு பக்கத்தில் நடந்தது. தடுக்கிறதா, காவலா என்று தெரியவில்லை. கோயிலைத் தாண்டும்போது அது முகத்தைத் திருப்பாமல், “நிக்காம போங்கம்மா” என்றது. அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

கரை இறுகிய செம்மண். கால் வழுக்கவில்லை.

சுடுகாட்டில் குழி வெட்டுகிற சின்னப்பையன் காலையிலிருந்து குழியில் ஊறுகிற தண்ணீரைச் சட்டியால் இறைத்துக்கொண்டிருந்தார். பேர்தான் சின்னப்பையன். தலை வெளுத்த ஆள். எங்களைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைக் கீழே போட்டார்.

“இன்னாமே இது! ஆம்பளைங்க எங்க?”

“பேசிக்கினு கீறாங்க” என்றாள் பவுனம்மா. “நீ கயித்தப் புடி.”

அண்ணனை இறக்கினோம். செல்வி முதல் மண் போட்டாள். நான் மூன்று கை போட்டேன். மண் ஈரமாக இருந்தது, ஆனால் அண்ணன் தண்ணீரில் போகவில்லை.

முடிந்ததும் யாரும் கிளம்பவில்லை. பெண்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எருக்கஞ்செடியும் மேடும் பள்ளமும்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதில் ஒருத்தியும் இதற்கு முன் இந்த இடத்தைப் பார்த்ததில்லை.

பவுனம்மா மெல்லக் கேட்டாள். “யோவ், எங்க வூட்டுக்காரரு எங்க கீறாரு?”

சின்னப்பையன் யோசித்தார். ஒரு பனைமரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று காலால் காட்டினார். “இங்க. தல அந்தப் பக்கம்.”

பவுனம்மா நின்று பார்த்தாள். “இங்கியா? நான் கெயக்கால கீறன்னு நெனச்சிக்கினு ஒம்போது வருசமா கெயக்க பாத்து கும்புட்டுக்கினு கீறேன். ஏன்யா, ஒரு சத்தம் குடுக்கக் கூடாது?” அந்த மேட்டை அடிக்கிற மாதிரி ஒரு தட்டு தட்டினாள். பிறகு அங்கேயே குந்திவிட்டாள்.

செல்வி கேட்டாள், “எங்கம்மா எங்க?” காட்டினார். அண்ணனுக்கு மூன்று மேடு தள்ளி. அப்புறம் எல்லாரும் கேட்க ஆரம்பித்தார்கள். “எங்கப்பா?” “என் மாமியாரு?” “என் தம்பி, மின்சாரம் அடிச்சவன்?” ஒருத்தி கடைசியில் வந்தாள். அவளுக்குப் பிறந்து பேர் வைக்குமுன் போன பிள்ளை. எங்கே என்று அவள் கேட்கக்கூட இல்லை. அவரே அவளைக் கூட்டிக்கொண்டு போய் வேலியோரம் காட்டினார். கரையில் நொச்சி நிறைய இருந்தது. ஒடித்து வந்து ஆளுக்கு ஒரு குச்சி நட்டார்கள். மழைக்கு வேர் விடும்.

ஏழுமலை ஓடி வந்தபோது சாயங்காலம். தங்கையைப் பார்த்தான், மண்ணைப் பார்த்தான். “நான் பேசிக்கினே இருந்தேன். நீ முடிச்சிட்ட” என்றான். கோபம் இல்லை. அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

ஆறாம் நாள் பெண்கள் பேரில் வழக்கு என்று சொன்னார்கள். ஊர் நிலத்தில் நடவுக்கு எங்கள் தெருவில் யாரையும் கூப்பிடவில்லை. அடுப்பு சில வீட்டில் எரியவில்லை. நான் அரிசி வாங்கிக் கொடுத்தேன். பவுனம்மா, “கதிர் முத்தட்டும். அறுக்கத் தெரிஞ்சவன் எவன் கீறான்னு பாக்கலாம்” என்றாள். சொல்லிவிட்டு வாளியில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு சுடுகாட்டுக்குக் கிளம்பினாள். பின்னால் மற்றவர்கள். கரைமேலேயே போனார்கள். பாடை இல்லாமல் போகிற பெண்களை நிறுத்த அங்கே சட்டம் இல்லை, வழக்கம்தான் இருந்தது, அதுவும் முந்தாநாள் வரை. நானும் போனேன். முந்தின நாள் தெரியாத சில இடங்களைச் சின்னப்பையன் யோசித்து வைத்திருந்து காட்டினார். அவர் காலத்துக்கு முந்தியவர்களை அவருக்குத் தெரியாது. என் பெரியப்பா அதில் சேர்ந்தவர்.

ஏழாம் நாள் கிளம்பினேன். வேர்க்கடலை ஒரு பை, கருவாடு ஒரு பொட்டலம். கருவாட்டை விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள். கடலை வந்து சேர்ந்தது. நன்றி என்று அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். ஈரலுக்கு நன்றி. டிரம்முக்கு நன்றி. அண்ணனுக்குக் கீழே ஒரு தோள் அளவு இடம் விட்டதற்கு நன்றி.

நான் வண்டி ஏறும்வரை அடையாளம் தெரிந்து நொச்சி நட்ட மேடுகள் பதினேழு.